கண்ணில் அச்சமும் செவியில் அழுகையும்

அச்சம் நான்கு வாயில்களாற் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அந்நான்குமாம். அணங்கு என்றது தெய்வமும் பேயும் முதலாயினவற்றை. விலங்கும் கள்வரும் வெளிப்படை. இறை என்பதனைத் தந்தையும் ஆசிரியனும் அரசனும் போலத் தம்மை ஆளும் உரிமையுடையார் என விரித்துக் கொள்ளலாம். மேனாட்டார் 'கோதிக்' என வழங்கும் அச்ச நாவல் வகை, ஹொறேஸ் வால்போல் எழுதி 1764இல் வெளியிட்ட ஒற்றான்ரோக் கோட்டைக் கதையோடு தொடங்கியது. பாழ்ங்கோட்டை, நிலவறை, நள்ளிரவுக் காலடியோசை, தானே அணையும் விளக்கு என்பன அவ்வகை நாவலாசிரியரின் கைக்கருவிகள். தொல்காப்பியர் சுட்டிய நான்கனுள் முதல் மூன்றுமே அவர்களுக்குப் பெரும்பாலும் போதுமானவையாயின. 1818ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில், ஆசிரியர் பெயரின்றி, மூன்று பாகங்களாக, 500 படிகள் மாத்திரமே அச்சிடப்பெற்று இலண்டனில் வெளிவந்த 'பிராங்கென்ஸ்ரைன்' நான்காவது வாயிலைத் திறந்தது. அதுவும் தலைகீழாகத் திறந்தது. அங்கே படைக்கப்பட்டது படைத்தவனுக்கு அஞ்சவில்லை. படைத்தவனே தன் படைப்புக்கு அஞ்சி ஓடுகின்றான்.

கற்பிட்டிக் குடாநாட்டின் மேலைக் கரையில் உள்ளது கண்டக்குழி. மேற்கே இந்து சமுத்திரம். குடாநாட்டின் மறுபுறத்தே புத்தளக் களப்பு. மே மாதந் தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று இங்கு இரவென்றும் பகலென்றும் பாராது வீசும். கிடுகு வேலி படபடக்க, கடல் இரைய, மணல் வந்து கதவில் விழ, விளக்கடியில் அமர்ந்து ஒருவர் இந்நூலை விரித்தாராயின், அச்சத்துக்கு வேண்டிய மேடை முழுவதும் அவருக்கு முன்னரே அமைந்துவிடுகின்றது. ஆயினும் அவர் முதலில் எய்துவது அச்சமன்று, ஏமாற்றமே. மின்னல் வெட்டும் கோட்டைச் சிகரத்தை எதிர்பார்ப்பார், அது இல்லை. கூன் விழுந்த ஏவலாளனை எதிர்பார்ப்பார், அவனும் இல்லை. கழுத்தில் இரும்பாணி தைத்த, பேசத் தெரியாத உருவத்தை எதிர்பார்ப்பார். அது அறவே இல்லை. இவையெல்லாம் ஜேம்ஸ் வேல் இயக்கத்தில் போறிஸ் கார்லொவ் நடித்து 1931இல் வெளியான திரைப்படம் உலகத்தின் தலையில் ஏற்றிவைத்த படிமங்கள். நாவலில் நிகழ்வதோ, இங்கொல்ஸ்ராற் பல்கலைக்கழக மாணவன் ஒருவனின் விடுதி மேன்மாடத்து அறையில், கார்த்திகை மாத மழையிரவில், எரிந்து தீரும் தறுவாயிலுள்ள மெழுகுதிரி ஒளியில் ஓர் உடல் கண் விழிப்பதுதான். உயிர் எவ்வாறு ஊட்டப்பட்டது என்பதைக்கூட ஆசிரியர் விளக்கவில்லை. ஒரு பொறி என்று மாத்திரம் சொல்லி அப்பால் நகர்ந்துவிடுகின்றார்.

அந்த அறையில் நிகழ்ந்தது யாது? எட்டடி உயரமுள்ள அவ்வுடல் மஞ்சட் கண்ணைத் திறந்து பார்க்கின்றது. இரண்டாண்டு உழைத்து அதனை ஆக்கிய விக்ரர் பிராங்கென்ஸ்ரைன் அருவருத்து அறையை விட்டு ஓடுகின்றான். பின்னர்ப் படுக்கையில் தீக்கனவு கண்டு விழித்தபோது, அது திரையை விலக்கி நின்று அவனை நோக்கி வாய் குழறி ஏதோ சொல்ல முயன்று, ஒரு கையை நீட்டுகின்றது. அவன் மீண்டும் ஓடுகின்றான். முதல் வாசிப்பில் இக்காட்சி மயிர்க்கூச்செறியச் செய்யும். கதை முழுவதையும் படித்தபின் மீண்டும் இப்பக்கத்துக்கு வருபவருக்கு அந்த நீட்டிய கை வேறொன்றாகத் தோன்றும். பிறந்த குழந்தையும் அவ்வாறே குழறும். அவ்வாறே கை நீட்டும்.

இதனை எழுதத் தொடங்கியபோது மேரிக்கு வயது பதினெட்டு. பெண்ணுரிமை குறித்து 1792இல் பெருநூல் எழுதிய மேரி வுல்ஸ்ரன்கிராப்ற் அவருடைய தாய். அரசியற் சிந்தனையாளர் வில்லியம் கொட்வின் தந்தை. மகள் 1797ஆம் ஆண்டு ஓகஸ்ற் 30இல் பிறந்தார். பிரசவக் காய்ச்சலால் தாய் செப்டெம்பர் 10இல் இறந்தார். தன் பிறப்பே தாயின் சாவுக்குக் காரணமாயிற்று என்ற அறிவோடு வளர்ந்த பெண் அவர். கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்ட 1815ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அதே நாட்களில், குறைமாதத்திற் பிறந்த தம் முதற் பெண் மகவை அவர் இழந்தார். அம்மகவுக்குப் பெயரிடப்படவில்லை. இறந்த குழந்தையை நெருப்பருகே வைத்துத் தேய்க்க அது உயிர்பெற்றெழுந்ததாகக் கனவு கண்டதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அடுத்த ஏப்பிரில் மாதத்தில், இலங்கைக்குக் கிழக்கே வெகுதொலைவில், சும்பாவாத் தீவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசு வானத்தை மூட, 1816இல் ஐரோப்பா கோடையின்றிக் குளிர்ந்தது. ஜெனீவா ஏரிக்கரையில் மழையால் வீட்டினுள் அடைபட்ட பைரனும் ஷெல்லியும் மேரியும் பிறரும் ஜெர்மானியப் பேய்க்கதைகளைப் படித்துப் பொழுது போக்கினர். ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று பைரன் கூறியதிலிருந்தே இந்நாவல் பிறந்தது. பெருங்கவிகள் இருவரும் தத்தம் கதையை அரைகுறையாக விட்டுவிட, அப்பெண் முடித்தார்.

பெயரிடாமல் இறந்த மகவும் பெயரிடப்படாத படைப்பும் ஒன்றன் நிழல் மற்றதன்மீது விழ நிற்கின்றன என்பது திறனாய்வாளர் பலர் கண்ட உண்மை. நூல் முழுவதிலும் அப்படைப்புக்குப் பெயரில்லை. பிராங்கென்ஸ்ரைன் என்பது படைத்தவன் பெயர். அதனைப் படைப்பின் பெயராக உலகம் மயங்குவது பின்னை வழக்கு. 1823இல் இக்கதை இலண்டனில் நாடகமானபோது, பாத்திரப் பட்டியலில் அதன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறுங்கோடு மாத்திரம் அச்சிடப்பட்டிருந்தது. நாடகம் காணச் சென்ற மேரி அக்கோட்டைக் கண்டு மகிழ்ந்ததாக நண்பருக்கு எழுதிய கடிதத்தால் அறிகின்றோம்.

மெய்ப்பாட்டியலின் இறுதியில் தொல்காப்பியர் ஒரு நுட்பம் கூறுகின்றார். மெய்ப்பாட்டின் பொருள்கோள், கண்ணினாலும் செவியினாலும் திண்ணிதாக உணரும் உணர்வுடையார்க்கன்றிப் பிறர்க்கு அரிது என்பது அது. கண்ணையும் செவியையும் அவர் சேர்த்தே வைத்தார். மேரி ஷெல்லி அவ்விரண்டையும் பிரித்து வைத்துப் பார்த்தார் என்று சொல்லத் தோன்றுகின்றது. இந்நாவலில் கண்ணாற் கண்டவர் அனைவரும் அஞ்சுகின்றனர், அடிக்கின்றனர், சுடுகின்றனர். செவியாற் கேட்டவர் இரங்குகின்றனர்.

இது தற்செயலாக ஒருமுறை நிகழ்வதன்று. அப்படைப்புக்கு அன்போடு இடங்கொடுத்து, அருகிருத்திப் பேசியவர் நூலில் ஒருவரே, அவர் டி லேசி என்னும் முதியவர், பார்வையற்றவர். பனிமலைச் சாரலில் விக்ரரைச் சந்தித்துத் தன் கதையைக் கேட்குமாறு அது மன்றாடும்போது, கண்முன் நில்லாதே என்கிறான் அவன். அது தன் கைகளால் அவன் கண்களைப் பொத்தி, இப்பொழுது கேள் என்கிறது. சிறுவன் வில்லியத்தைக் காண்கையில், குழந்தையாதலின் இவனுக்கு வெறுப்புத் தெரிந்திராது என்று எண்ணி அணுகுகின்றது; அவன் தன் கண்களைத் தானே பொத்திக்கொண்டு அலறுகின்றான். பேயாட்டங் கண்டு வெருவி ஓடி உயிர்விட்ட மணிமேகலைச் சார்ங்கலனை இவ்விடத்தில் தமிழ் கற்றவர் நினையாதிரார். ஆயின் சார்ங்கலனைப் பேய் தொடவில்லை, கண்டதே கொன்றது. வில்லியமோ அலறலோடு வசையுங் கூறி, தன் தந்தை பிராங்கென்ஸ்ரைன் எனச் சொல்லிய அளவில் அக்கைகளாலேயே மடிகின்றான். தம் சொந்த மகனுக்கும் வில்லியம் என்றே பெயரிட்டிருந்த ஒரு தாய் இப்பக்கத்தை எழுதினார் என்பது நினைக்கத்தக்கது. அம்மகனும் 1819இல் உரோமாபுரியில் இறந்துபோனான்.

திரைப்படம் நாவலை வெல்ல முடியாத இடம் இதுவே. திரை கண்ணுக்குரியது, எடுத்த எடுப்பிலே முகத்தைக் காட்டிவிடும். நூலைப் படிப்பவரோ டி லேசியைப் போன்றவர். முகத்தைக் காணமாட்டார், குரலை மாத்திரமே கேட்பார். நாவலின் நட்ட நடுவில் ஆறு அதிகாரங்கள் அக்குரலுக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. வோல்ற்றன் என்னும் கப்பற்றலைவன் தன் தமக்கைக்கு எழுதும் கடிதங்கள் புறவோடு. அதனுள் விக்ரர் சொல்லும் வரலாறு. அதனுள்ளும் படைப்பு தானே சொல்லும் வரலாறு. தேங்காயை உரித்து உடைத்து நீரைக் காண்பதுபோல வாசகர் அங்கே சென்று சேர்கின்றார்.

அக்குரல் சொல்லும் கதை ஒரு மாணவனின் கதை. காட்டிலே அலைந்து, தீயின் பயனையும் சூட்டையும் தொட்டே அறிந்து, இறுதியில் டி லேசி குடும்பத்தின் குடிலை ஒட்டிய கொட்டிலில் அது ஒளிந்துகொள்கின்றது. சுவரின் பிளவு வழியே அவர்களைப் பார்த்தும் கேட்டும் மொழி கற்கின்றது. நெருப்பு, பால், ரொட்டி, விறகு என்பன அது கற்ற முதற் சொற்கள். அங்கு வந்துசேர்ந்த சபி என்னும் அராபியப் பெண்ணுக்கு பீலிக்ஸ் பாடஞ் சொல்லும்போது, சுவருக்கு இப்பால் மறைந்திருந்து இதுவும் அப்பாடத்தைக் கேட்கின்றது. அப்பெண்ணினும் விரைவாகக் கற்கின்றது. வகுப்பறைக்குள் இடமில்லாமல் வெளியே நின்று கற்ற வெளிவாரி மாணவன் என்றே இதனைச் சொல்லலாம். துரோணர் ஏற்க மறுத்த ஏகலைவன் நினைவுக்கு வருவான். ஏகலைவன் மண்ணாற் குருவின் உருவம் செய்து பணிந்தான். குரு கேட்ட விரலையும் கொடுத்தான். இம்மாணவனோ தன்னை ஆக்கியவனிடம் கணக்குக் கேட்கின்றது.

அது படித்த நூல்களும் குறிப்பிடத்தக்கன. காட்டிற் கண்டெடுத்த தோற்பெட்டியில் மில்ற்றனின் 'இழந்த சுவர்க்கம்', கேதேயின் 'வேர்த்தர்', புளூட்டாக்கின் 'வாழ்க்கை வரலாறுகள்' ஒரு பாகம் ஆகிய மூன்றும் இருந்தன. (அடர்காட்டில் இத்துணைப் பொருத்தமான நூலகம் கிடப்பது நாவலாசிரியரின் தாராளம், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.) புளூட்டாக்கைப் படித்து, போர்வீரராகிய றொமுலஸ், தீசியஸ் முதலியோரினும் அமைதிவழி நின்ற நூமா, சோலன், லைக்கேர்கஸ் என்னும் சட்டம் வகுத்தோரையே தான் மதித்ததாக அது சொல்கின்றது. புளூட்டாக்கின் பெயர் கண்டக்குழிக் கரைக்குப் புதியதன்று. அணித்தேயுள்ள கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் எழுதி 1859இல் வெளியிட்ட நூலுக்கு 'தமிழ் புளூட்டாக்' என்றே பெயர் சூட்டினார். இந்நாவல் வெளிவந்தபோது அவர் பத்து வயதுச் சிறுவர். சான்றோர் வரலாறு படிப்பாரைச் சான்றோராக்கும் என்ற நம்பிக்கை அந்நூற்றாண்டில் ஜெனீவாவிலும் இருந்தது, கற்பிட்டியிலும் இருந்தது. அந்நம்பிக்கைக்கு ஒரு சோதனையாக மேரி தம் படைப்பை நிறுத்துகின்றார். அது கற்றது, நற்பண்பை விரும்பியது, ஆனால் கற்றதைப் பழகிப் பார்க்க ஒரு மனிதர் தானும் கிடைக்கவில்லை.

இலங்கை வாசகரை உறுத்தும் இடமும் இங்கு உண்டு. பீலிக்ஸ் பாடஞ் சொன்ன வரலாற்று நூல்வழி, ஆசியர் சோம்பர் என்றும் கிரேக்கர் பேரறிவினர் என்றும் அது கேட்டறிகின்றது. 1831ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் விக்ரரின் நண்பன் கிளேர்வல் பாரசீகமும் அரபும் சமஸ்கிருதமும் பயில்கின்றான். இந்தியா சென்று ஐரோப்பியரின் குடியேற்றத்துக்கும் வாணிகத்துக்கும் துணைபுரிவது அவன் நோக்கம். அந்நல்லவன் கொலையுண்ணும்போது கண்ணீர் விடும் கீழைத்தேய வாசகர், அக்கண்ணீரைச் சற்று நிறுத்திச் சிந்திப்பதும் தகும். அதே பாடத்தில் அமெரிக்கப் பழங்குடிகள் அழிந்த செய்தியைக் கேட்டுச் சபியும் சுவருக்கு இப்பாலிருந்த படைப்பும் ஒருங்கே அழுததையும் ஆசிரியர் எழுதியிருக்கின்றார். உணவைப் பற்றி அது சொல்வதும் சைவ மாணவர் கவனத்துக்குரியது. ஆட்டுக்குட்டியைக் கொன்று தன் வயிற்றை நிரப்புவதில்லை என்றும் காட்டுக் கொட்டைகளும் பழங்களுமே தனக்குப் போதும் என்றும் அது கூறுகின்றது. மேரியின் கணவர் ஷெல்லி, புலாலுண்ணாமையை வற்புறுத்தி 1813இல் ஒரு சிறுநூல் எழுதியவர்.

சுவர்ப்பிளவு வழியே அது கற்றவற்றுள் மிக நுட்பமானது உறவுப்பெயர். பீலிக்ஸை அண்ணன் என்றும் மகன் என்றும், அகதாவைத் தங்கை என்றும் அவ்வீட்டார் அழைப்பதைக் கேட்கின்றது. இளையோர்க்குப் பல பெயர்கள். முதியவர்க்கு அப்பா என்னும் ஒரே பெயர். இதனை அது வியந்து குறிப்பிடும் இடத்தில் தமிழ் வாசகர் சற்றே தங்கி நிற்பார். முன்பின் அறியாதவரையும் அண்ணை என்றோ தம்பி என்றோ நானா என்றோ அழைத்தபின்னரே பேச்சைத் தொடங்கும் கரை இது. படகிலிருந்து இறங்கும் எவரும் இங்கு முறைப்பெயர் பெறாது நிற்பதில்லை. அப்படைப்போ எல்லா முறைப்பெயர்களையும் கற்றுக்கொள்கின்றது. அவற்றுள் ஒன்றினாலும் ஒருவராலும் அழைக்கப்படவில்லை. விக்ரர் அதற்கு இடும் பெயர்கள் பிசாசு, பேய், இழிபிறவி என்பனவே.

நம் புராணம் இதற்கு நேர்மாறான ஒரு காட்சியைக் காட்டுகின்றது. காரைக்காலம்மையார் தசையுதிர்த்துப் பேயுருவம் வேண்டிப் பெற்றார். கண்டோர் அஞ்சி விலகினர். தலையால் நடந்து கயிலை ஏறும் அவ்வென்புருவைக் கண்டு, இது யாதென உமையம்மை வினவ, நம்மைப் பேணும் அம்மை என்று இறைவன் விடை பகர்ந்து, அவரை 'அம்மையே' என்று அழைத்ததாகச் சேக்கிழார் பாடினார். அங்கே பேயுருவுக்கு இறைவன் வாய்திறந்து முதலில் வழங்கியது உறவுப்பெயர். இங்கே தான் ஆக்கிய உருவுக்குப் படைத்தவன் வழங்கியது வசை. இரண்டு கதைகளும் வேறு உலகங்களுக்குரியன. அம்மையார் உருவைத் தாமே வேண்டிப் பெற்றார், அப்படைப்போ வேண்டாமலே பெற்றது. எனினும் ஒன்றைப் படித்தவருக்கு மற்றது இருமடங்கு விளங்கும். ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்க காலத்திலும் இதனோடு வைத்து எண்ணத்தக்க ஒரு கதை உண்டு. திருகோணமலை இன்னாசித்தம்பி 1891இல் வெளியிட்ட 'ஊசோன் பாலந்தை கதை'க்கு மூலமான ஐரோப்பியக் கதையில், கரடியால் வளர்க்கப்பட்ட காட்டு மனிதனை அவனுடன் பிறந்தானே அடக்கி, அழைத்துவந்து மனிதருள் ஒருவனாக்குகின்றான். உடன்பிறந்தான் ஒருவன் இருந்தான், வேறுபாடு அவ்வளவே.

குடிலின் கதவைத் தட்டும் காட்சி நாவலின் உச்சம். இரவுதோறும் அக்குடும்பத்துக்காக மறைவில் விறகு வெட்டி வைத்ததும் பனியை அகற்றியதும் அதுவே. அதனைக் காணாத அவர்கள் ஏதோ நல்ல தெய்வத்தின் செயல் என்றனர். காணாதபோது தெய்வம், கண்டபின் பேய். அணங்கு என்னும் ஒரே சொல்லுக்குத் தமிழில் இவ்விரு பொருளும் அடங்குவது எண்ணத்தக்கது. மற்றவர் வெளியே சென்ற வேளை பார்த்து முதியவரிடம் நுழைந்து, வழிப்போக்கன் என்று சொல்லிப் பேசத் தொடங்குகின்றது. முதியவர் இரங்குகின்றார். நம்பிக்கை கனியும் அந்தக் கணத்தில் மற்றவர்கள் திரும்பிவர, பீலிக்ஸ் தடியால் அடித்துத் துரத்துகின்றான். எட்டடி உயரத்து வலிமை அந்த இளைஞனைப் பிய்த்தெறிந்திருக்கும், அது கையோங்கவில்லை.

கற்பிட்டிக் கரையில் இக்காட்சியைப் படிப்பவர் வேறொரு கதவையும் நினைப்பார். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பலர், மன்னார்ப் பகுதியிலிருந்து வள்ளங்களில் ஏறி இக்குடாநாட்டுக் கரையிலே வந்திறங்கினர். இக்கரையில் முன்பே வாழ்ந்தவரும் செல்வரல்லர். ஆயினும் வந்தோர்க்கு உணவும் ஒதுங்க இடமும் அளித்தனர். பின்னாளில் நிலமும் நீரும் தொழிலும் பற்றி இரு பாலாரிடையே மனத்தாங்கல்கள் எழுந்தமையும் உண்மை. கதவைத் திறப்பது ஓரிரவுச் செயல். திறந்த கதவைத் திறந்தபடி வைத்திருப்பது பல்லாண்டுப் பாடு. மேரியின் நாவல் முதலாவதன் மறுப்பைப் பற்றி மாத்திரமே பேசுகின்றது. இரண்டாவதன் கடினத்தை அது தொடவில்லை.

இந்நூலின் பாடம் யாதெனப் பலரும் சொல்லி வருவது, மனிதன் படைப்புத் தொழிலில் தலையிடலாகாது, அறிவியல் எல்லை கடக்கலாகாது என்பதே. நூலை முழுவதும் படித்தவர் இதனை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ளார். படைப்பு தன் கர்த்தாமேற் சுமத்தும் குற்றம், ஏன் படைத்தாய் என்பதோடு நில்லாது, ஏன் விட்டு ஓடினாய் என்பதில் ஊன்றி நிற்கின்றது. ஆக்குதல் ஒன்று, ஆக்கியதைப் பேணுதல் மற்றொன்று. இதே குடாநாட்டில் நுரைச்சோலையில் 2011இல் இயங்கத் தொடங்கிய நிலக்கரி மின்நிலையம் நாட்டுக்கு ஒளி தருகின்றது. அதன் சாம்பலை எங்கே இடுவது, காற்று வீசும் மாதங்களில் அதனை எவ்வாறு காப்பது என்னும் கேள்வியோ அயற் கிராமத்தவரிடமே வந்து நிற்கின்றது. மின்நிலையத்தைக் கட்டலாமா என்பதைவிட இக்கேள்வியே மேரி ஷெல்லியின் கேள்விக்கு அண்மையானது.

ஆசிரியர்கள் உற்று நோக்கவேண்டிய சிறு நிகழ்ச்சி ஒன்று நூலின் தொடக்கத்தில் உண்டு. பதின்மூன்று வயது விக்ரர், கொர்னேலியஸ் அகிரிப்பா என்னும் பழைய இரசவாதியின் நூலொன்றைக் கண்டெடுத்து ஆர்வத்தோடு தந்தையிடம் காட்டுகின்றான். தந்தை முகப்பேட்டை மேலோட்டமாகப் பார்த்து, இது குப்பை, இதிற் பொழுதை வீணாக்காதே என்கிறார். ஏன் குப்பை என்று அவர் விளக்கியிருந்தால் தன் சிந்தனை வேறு வழிப்பட்டிருக்கக்கூடும் என்று விக்ரர் பின்னர்ச் சொல்கின்றான். பல்கலைக்கழகத்திலும் கிறெம்பே என்னும் பேராசிரியர் அவன் படித்தவற்றை எள்ளி நகையாடுகின்றார். வால்ட்மன் என்னும் மற்றவரோ அப்பழையோரும் தம் முயற்சியால் நமக்கு வழி வகுத்தவரே என்று பரிவோடு சொல்ல, மாணவன் அவர்பக்கம் சாய்கின்றான். ஒரு குறுஞ்சொல்லாற் கடிந்து விடுபவர், விளக்கிச் சொல்லுபவர் என்னும் இவ்வேறுபாடு நூலின் பெருங்கதையைச் சிறிய அளவிற் காட்டும் கண்ணாடி.

இத்தனையும் சொன்னபின், அப்படைப்பு குற்றமற்றது என்று வாதிப்பது நூலுக்கு அநீதி. அது வில்லியத்தைக் கொன்றதோடு அமையவில்லை. அவன் கழுத்துப் படத்தை எடுத்து, உறங்கிக் கிடந்த ஜஸ்ரின் என்னும் பணிப்பெண்ணின் ஆடை மடிப்பில் வைக்கின்றது. கிடைத்த கல்வியை அது பயன்படுத்திய முதற் சூழ்ச்சி அது. அப்பெண், பாதிரியாரின் அச்சுறுத்தலால் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு தூக்கிலேறுகின்றாள். உண்மை அறிந்த விக்ரர், பைத்தியக்காரன் என்பார் என அஞ்சி வாளாவிருக்கின்றான். நூலில் மிக இருண்ட பக்கம் எதுவென்று கேட்டால், இடுகாட்டுக் காட்சிகளை விட்டு இந்த நீதிமன்றத்தையே காட்டவேண்டும். பின்னர்த் துணையொன்று வேண்டும் என்று அது கேட்க, விக்ரர் உடன்பட்டு, ஓர்க்கினித் தீவொன்றில் பெண்ணுருவை ஆக்கத் தொடங்கி, முடியுந் தறுவாயில், சாளரத்தில் அது பார்த்து நிற்கவே பிய்த்தெறிகின்றான். அப்பெண் எவ்வியல்பினளாவாள், அவர்களின் சந்ததி உலகுக்கு என் செய்யும் என்று அவன் எண்ணியது வெறும் கொடுமையன்று. அங்கே அவன் முதன்முறையாக விளைவை எண்ணுகின்றான். முதலில் எண்ணாது ஆக்கினான். பின்னர் எண்ணி அழித்தான். இரண்டிலும் துன்புற்றது ஒன்றே. அதன் பழியில் கிளேர்வலும், திருமண இரவில் எலிசபெத்தும் மாள்கின்றனர்.

நூலுக்குக் குறைகளும் உள. விக்ரரின் நீண்ட புலம்பல்கள் சில இடங்களிற் பொறுமையைச் சோதிக்கும். உன் திருமண இரவில் வருவேன் என்ற எச்சரிக்கையைத் தன்னுயிருக்கென்றே அவன் கொள்வதும், எலிசபெத்தைத் தனியே விட்டுக் காவல் சுற்றுவதும் நம்புதற்கரியன; எந்த வாசகரும் அவனுக்கு முன்பே உண்மையை அறிந்துகொள்வார். எலிசபெத் நற்பண்புகளின் தொகுதியாக நிற்கின்றாளேயன்றி உயிருள்ள பெண்ணாக நடமாடவில்லை. பெண்ணுரிமை முழங்கிய தாயின் மகள் இவ்வாறு எழுதியது வியப்பே.

அழுகை பிறக்கும் வாயில்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பர் தொல்காப்பியர். பிறரால் இகழப்படுதல், உற்றாரை இழத்தல், தன் நிலையில் தாழ்தல், துய்த்தற்கு ஒன்றுமில்லாமை. இந்நான்கும் அப்படைப்பின் பேச்சில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. உற்றார் எவருமே இல்லாத அதற்கு இழவு எங்ஙனம் எனின், அதற்கு விடை இறுதி அதிகாரத்தில் உண்டு.

வடதுருவப் பனிக்கடலில் வோல்ற்றனின் கப்பலில் விக்ரர் இறந்து கிடக்கின்றான். நள்ளிரவில் அறையினுள் ஓலங் கேட்டு நுழையும் வோல்ற்றன், பிணத்தின்மேற் குனிந்து நின்று அது அழுவதைக் காண்கின்றான். தன்னை வெறுத்தவன், தான் அழித்தவன், ஆயினும் உலகில் தனக்கென இருந்த ஒரே உறவு. வோல்ற்றன் அம்முகத்தைக் கண்டதும் தன்னையறியாமற் கண்களை மூடிக்கொள்கின்றான். மூடிய கண்களோடு, தன் கடமை யாதென நினைவுபடுத்திக்கொள்ள முயல்கின்றான். பின்னர் அதனை நிற்குமாறு அழைக்கின்றான். பார்வையுள்ள மனிதர் ஒருவர் அதனை நில் என்று அழைத்தது அதுவே முதன்முறை. அது நின்று, சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லுகின்றது. வடகோடியிற் சிதையடுக்கித் தன்னை எரித்துக்கொள்வதாகக் கூறிச் சாளரத்தினூடே பனிக்கட்டி மிதவையிற் குதிக்கின்றது. அலைகள் அதனைக் கொண்டுசெல்ல, இருளிலும் தொலைவிலும் மறைகின்றது. அச்சிதை மூட்டப்பட்டதா என்பதைக் கண்டவர் எவருமிலர்.